இரண்டாம் பாகத்தின் மேல் விழுந்த பழி

‘டார்க் சோல்ஸ் 2’ வெளிவந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றும் யாராவது புதிதாக அந்த வரிசையைத் தொடங்கப்போகிறேன் என்றால், விவரம் தெரிந்தவர்கள் ஒரே குரலில் சொல்லும் அறிவுரை இதுதான்: முதல் பாகத்தை விளையாடு, மூன்றாவதை விளையாடு, இரண்டாவதை விட்டுவிடு. காரணம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். முதல் பாகத்தை இயக்கிய ஹிடெடாகா மியசாகி இதை இயக்கவில்லை, வேறு குழு செய்தது, முதல் பாகத்தின் ஆன்மா இதில் இல்லை. இந்தத் தீர்ப்பை ஒப்பிப்பவர்களில் பலர் அந்த ஆட்டத்தை முடித்தவர்கள்கூட இல்லை. இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். ஓர் ஆட்டத்துக்கு இழைத்த அநியாயத்தோடு அது நின்றுவிடவில்லை. ஒரு தொடர்ச்சியை எப்படி மதிப்பிடுவது என்ற நம் புரிதலையே அது கெடுத்து வைத்திருக்கிறது.

முதலில் வரலாற்றை நேராக்கிக்கொள்வோம். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டார்க் சோல்ஸ்’ முதல் பாகத்தை 2011 செப்டம்பரில் வெளியிட்டது. இரண்டாம் பாகம் 2014 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும், ஏப்ரலில் கணினிக்கும் வந்தது. டோமோஹிரோ ஷிபுயா, யுயி தனிமுரா இருவரும் இயக்குநர்கள். மியசாகி அப்போது ‘பிளட்போர்ன்’ என்ற வேறோர் ஆட்டத்தின் வேலையில் இருந்தார், இதில் மேற்பார்வைதான். அந்த நேரத்தில் விமர்சகர்கள் இதைக் கழித்துக்கட்டவில்லை. மெட்டாகிரிட்டிக் கணக்கில், பிளேஸ்டேஷன் 3-இல் முதல் பாகத்துக்கு 89, இரண்டாவதற்கு 91. இந்த இரண்டு புள்ளி வித்தியாசத்தை வைத்து இரண்டாவதுதான் மேல் என்று வாதாட நான் வரவில்லை. மதிப்பெண்கள் வெளியாகும் வாரத்தின் உற்சாகத்தில் போடப்படுபவை. ஆனால் இந்த ஆட்டம் வந்த நாளிலேயே எல்லோராலும் நிராகரிக்கப்பட்டது என்ற கதை பிற்பாடு கட்டப்பட்டது என்பதற்கு இந்த எண்கள் போதும்.

குறைகளே இல்லை என்று சொன்னால் நான் சொல்லும் மற்றதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. 2013-இல் காட்டிய முன்னோட்டத்தில் இருந்த ஒளியும் நிழலும் வெளியான ஆட்டத்தில் இல்லை. இருட்டில் தீப்பந்தம் ஏந்திப் போவது உயிர்நாடியாக இருக்கப்போகிறது என்று காட்டிவிட்டு, பந்தம் இல்லாமலே பெரும்பாலான இடங்களைக் கடக்கக்கூடிய ஆட்டத்தைக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தது நியாயம். கணினிப் பதிப்பில், நொடிக்கு 60 சட்டங்கள் ஓடும்போது ஆயுதங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தன; அதைச் சரிசெய்ய ஏறக்குறைய ஓராண்டு ஆனது. ஷ்ரைன் ஆஃப் அமானா என்ற நீர்நிலப் பகுதியில் தூரத்திலிருந்து மந்திரக்கணை எய்யும் பெண்கள் முதலில் எவ்வளவு கொடூரமாக இருந்தார்கள் என்றால், பேட்ச் போட்டு அவர்களை அடக்க வேண்டியிருந்தது. கூடுதல் பாகம் ஒன்றில் வரும் பனிப்புயல் வெளியும், அங்கே பாய்ந்து வரும் குதிரைகளும் எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாதவை. இவையெல்லாம் மெய்யான புகார்கள். யாரும் இவற்றைச் சொல்ல முதல் பாகத்தைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. ஆட்டம் தன் கால் தடுக்கித் தானே விழுந்த இடங்கள் இவை.

தகராறு அடுத்த வகைப் புகாரில்தான். “முதல் பாகத்தில் இப்படி இல்லையே” என்று தொடங்கும் புகார் அது. அது தொடங்கிய இடத்திலேயே முடிந்தும்விடுகிறது. முதல் பாகத்தில் இல்லாதது இங்கே ஏன் இருக்கிறது, எதற்குப் பதிலாக வந்தது, எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது என்ற கேள்விகள் அதற்குள் எழுவதே இல்லை.

ஹாலோ ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு முறை சாகும்போதும் உங்கள் உயிர்ப்பட்டையின் உச்சவரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. குறைந்து குறைந்து பாதியில் வந்து நிற்கும். மனித உருவச் சிலை ஒன்றைச் செலவழித்தால்தான் மீண்டும் முழுதாகும். ஏற்கெனவே தோற்றவனை மேலும் உதைக்கிறது, முதல் பாகத்துக்குத் துரோகம் செய்கிறது என்று கொதித்தார்கள். ஆனால் இதன் வேர் இந்த வரிசையின் மூத்த ஆட்டத்தில் இருக்கிறது. 2009-இல் வந்த, மியசாகியே இயக்கிய ‘டீமன்ஸ் சோல்ஸ்’ ஆட்டத்தில் செத்து ஆவி வடிவம் எடுத்தால் உயிர்ப்பட்டை ஒரேயடியாகப் பாதியாகும். ஒரு மோதிரம் போட்டால் முக்கால்வாசிக்கு ஏறும். இரண்டாம் பாகத்திலும் அதே வேலையைச் செய்யும் மோதிரம் உண்டு. அதே முக்கால் கணக்கு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பாதிக்கு வருவதற்குள் பல முறை சாக வேண்டும். மூத்த ஆட்டத்தைவிட இது இரக்கமுள்ள ஏற்பாடு. பொது மையத்தில் ஒரு பெண்ணிடம் வந்துதான் பலத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது, தொடக்கத்திலிருந்தே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவலாம் என்பது, உயிரேற்றும் நெருப்புக்குடுவைக்கு மேலதிகமாகக் கையில் சேர்த்துவைத்துத் தின்னும் மருந்துகள் உண்டு என்பது எல்லாமே ‘டீமன்ஸ் சோல்ஸ்’ வழிவந்தவை. இரண்டாம் பாகத்தை உருவாக்கியவர்கள் மரபை மறக்கவில்லை. முதல் பாகத்துக்கும் அப்பால் போய் மரபைத் தேடினார்கள். அதைத் துரோகம் என்றவர்கள், வரிசையின் பாதி வரலாற்றைத்தான் பார்த்திருந்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையான உண்மை உண்டு. 2016-இல் வந்த மூன்றாம் பாகத்தில் எம்பர் என்ற பொருளைப் பயன்படுத்தினால் உயிர்ப்பட்டை 30 சதவீதம் உயரும். செத்தால் அந்த உயர்வு போய்விடும். அதே கணக்குதான். செத்தவனுக்கு உயிர்ப்பட்டை குறைவு, செலவழித்தவனுக்கு அதிகம். ஆனால் குறைந்த அளவை இயல்பு என்றும், கூடிய அளவைப் பரிசு என்றும் காட்டினார்கள். ஒருவரும் கொதிக்கவில்லை. ஆக, ஆட்டக்காரர்களின் எரிச்சல் பொய்யல்ல. அது எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் சொன்ன காரணம்தான் பிசகியது. அவர்களை வதைத்தது அந்த விதி இல்லை, அந்த விதி திரையில் காட்டப்பட்ட விதம்.

அடாப்டபிலிட்டி என்ற பண்புக்கும் இதே கதிதான் நேர்ந்தது. உருண்டு விலகும்போது அடி படாத கணங்கள் எத்தனை என்பதை இரண்டாம் பாகத்தில் இந்தப் பண்பு தீர்மானிக்கிறது. ஆட்டம் அதை உரக்கச் சொல்லவில்லை. அது பெரிய தவறு. முதல் பாகத்திலிருந்து வந்தவர்கள் பழைய பழக்கத்தில் உருண்டார்கள், அடி வாங்கினார்கள், ஆட்டத்தின் அடி கணக்கே கோளாறு என்று தீர்ப்பு எழுதினார்கள். சில எதிரிகளின் பிடிப்பு அடிகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டி வந்து பிடிப்பது உண்மை. ஆனால் புகார் எழுதியவர்களில் பெரும்பாலோரின் துன்பத்துக்குக் காரணம் அந்தப் பண்பில் அவர்கள் ஒரு புள்ளிகூடப் போடாததுதான். முதல் பாகத்தில் உருளலைத் தீர்மானித்தது நீங்கள் சுமக்கும் எடை. இங்கே எடையோடு பயிற்சியும் சேர்ந்தது. கனத்த கவசம் போட்டவனும் பயிற்சி எடுத்தால் நன்றாக விலகலாம்; லேசாக உடுத்தியவனும் பயிற்சி இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வான். இந்த யோசனை பிடிக்காமல் போகலாம். அதைக் கோளாறு என்பது சரியல்ல.

சோல் மெமரி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆட்டம் முழுக்க நீங்கள் சம்பாதித்த ஆன்மாக்களின் மொத்தத்தை வைத்து, யாரோடு யார் இணையத்தில் மோதலாம் என்று தீர்மானிக்கும் ஏற்பாடு அது. நண்பர்கள் சேர்ந்து விளையாடுவதை அது கெடுத்தது. இந்தப் புகாரில் நான் ஆட்டக்காரர்கள் பக்கம். ஆனால் அது ஏன் வந்தது என்பதையும் பேச வேண்டும். முதல் பாகத்தில் கடைசிக்கட்ட ஆயுதங்களோடு, தன் லெவலை மட்டும் வேண்டுமென்றே தாழ்த்தி வைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் ஆட்டத்தைத் தொடங்கிய புதியவர்களின் உலகத்துக்குள் புகுந்து ஒரே அடியில் கொல்வது ஒரு பொழுதுபோக்காக இருந்தது. இன்று முதல் பாகத்தின் இணைய ஆட்டத்தை நினைத்து உருகுகிறவர்கள், அந்த ஒரே அடியில் செத்த புதியவர்களை நினைப்பதில்லை. இரண்டாம் பாகம் அந்த நோய்க்கு மருந்து தேடியது. தேர்ந்தெடுத்த மருந்து கடுமையானது. மூன்றாம் பாகம், ஆயுதத்தின் பலத்தையும் கணக்கில் சேர்த்து நல்ல தீர்வைக் கண்டது. இரண்டாவதில் தோற்றுப் பார்க்காமல் மூன்றாவது அங்கே வந்து சேர்ந்திருக்காது.

இப்போது எல்லோருக்கும் பிடித்த சாட்சியத்துக்கு வருவோம்: அந்த லிஃப்ட். எர்தன் பீக் என்ற காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு லிஃப்ட்டில் ஏறினால், அது மேலே போய் எரிமலைக் குழம்பில் மூழ்கிக் கிடக்கும் அயர்ன் கீப் கோட்டையில் இறக்கிவிடும். கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் மேலே வெறும் வானம். உலகம் பொருந்தவில்லை. முதல் பாகத்தில் அப்படியா இருந்தது? தேவாலயத்திலிருந்து இறங்கும் லிஃப்ட் நம்மை மறுபடி ஆட்டத்தின் மையமான ஃபயர்லிங்க் ஷ்ரைனிலேயே கொண்டுவந்து விட்ட கணத்தை மறக்க முடியுமா?

முடியாதுதான். அந்த லிஃப்ட் இந்தக் கலையின் மிகச் சிறந்த கணங்களில் ஒன்று. எர்தன் பீக் லிஃப்ட் ஒரு தையல் பிழை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நடுவழியில் திட்டம் மாறி, இருந்த பகுதிகளைப் பிரித்து மறுபடி கோக்க வேண்டிய நெருக்கடி இருந்ததைத் தனிமுரா பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒப்பிடுவதென்றால் முழுதாக ஒப்பிட வேண்டும். முதல் பாகத்தின் அந்த அற்புதப் பிணைப்பு, ஆட்டத்தின் முதல் பாதியோடு சரி. அனோர் லோண்டோ நகரில் சேர்ந்து வரும் இரு பாஸ்களையும் வீழ்த்தி, பாத்திரத்தைப் பெற்று, தாவும் வசதி கிடைத்த பிறகு உலகம் நான்கு தனித்தனிப் பாதைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முட்டுச்சந்தில் போய் நிற்கிறது. லாஸ்ட் இசாலித் போகும் வழியில் முன்பு பாஸாக வந்த பூதங்களையே கூட்டமாக நிற்கவைத்திருக்கிறார்கள். இசாலித் உள்ளே நகல் எடுத்து ஒட்டியது போல வரிசையாக டிராகன் கால்கள். அதன் முடிவில் வரும் பெட் ஆஃப் கேயாஸ் சண்டையை அந்த ஆட்டத்தின் தீவிர அன்பர்களே பழிக்கிறார்கள். பிளைட்டவுன் சதுப்பில் நடந்தால் அந்தக் காலத்துக் கன்சோல்கள் மூச்சுத் திணறின. கணினிப் பதிப்போ, தொண்ணூறாயிரம் பேர் கையெழுத்திட்டுக் கேட்ட பிறகு 2012-இல் வந்தது. வந்ததும் நொடிக்கு 30 சட்டத்தில் பூட்டப்பட்டிருந்தது.

இதையெல்லாம் சொல்வது முதல் பாகத்தை இறக்கிக் காட்ட அல்ல. அதை நானும் நேசிக்கிறேன். ஆனால் முதல் பாகத்தை அதன் சிறந்த பத்து மணிநேரத்தாலும், இரண்டாம் பாகத்தை அதன் மோசமான ஒரு மணிநேரத்தாலும் நினைவில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு நினைவுகளையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்பு எழுதுவதை ஒப்பீடு என்று சொல்லாதீர்கள். முதல் காதலைக் காட்டிக் கட்டியவளைப் பழிக்கும் பேச்சு அது.

முதல் பாகம் நமக்குத் தந்ததில் பெரும்பகுதி, நமக்கு எதுவும் தெரியாது என்பதிலிருந்து வந்தது. எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்தப் பெட்டிக்குப் பல் முளைக்கும், எந்தச் சாவியை வைத்திருக்க வேண்டும் என்று தெரியாமல் தடவித் தடவிப் போனோம். அந்த அறியாமையை எந்தத் தொடர்ச்சியாலும் திருப்பித் தர முடியாது. தரவில்லை என்று ஒரு தொடர்ச்சியைக் குற்றஞ்சாட்டுவது அநீதி. அதைத் தர முயன்றிருந்தால் முதல் பாகத்தின் பொய்யான நகல்தான் கிடைத்திருக்கும்.

இரண்டாம் பாகம் அந்தப் பொறியில் விழவில்லை என்பதுதான் அதன் முதல் பெருமை. ‘மறதி’யையே அது தன் பொருளாக எடுத்துக்கொண்டது. முதல் பாகத்தின் உலகம் எவ்வளவோ காலத்துக்கு முன் முடிந்துபோய், அதன் பெயர்கள்கூட எவருக்கும் நினைவில்லாத ட்ராங்லீக் நாட்டில் கதை நடக்கிறது. மிர்ரா நாட்டு வீராங்கனை லூகாட்டியலை வழியில் பலமுறை சந்திக்கிறோம். ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை இழந்துகொண்டே வருகிறாள். கடைசியில் தன் பெயரையாவது நீ நினைவில் வைத்திரு என்று நம்மிடம் கேட்கிறாள். செத்துச் செத்து உயிர்ப்பட்டை தேய்வதும், முகம் அழுகுவதும் வெறும் தண்டனை என்று சொன்னவர்கள் லூகாட்டியலை எப்படிக் கடந்து போனார்களோ தெரியவில்லை. அவளுக்கு நடப்பதுதான் நமக்கும் நடக்கிறது. விதியும் கதையும் இவ்வளவு நெருக்கமாக ஒட்டிப்போகும் இடம் முதல் பாகத்தில்கூட அபூர்வம்.

வேன்ட்ரிக் மன்னனைப் பற்றி இன்னும் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஆட்டத்தைக் கழித்துக்கட்டும் பேச்சுகளில் அவன் பெயர் வருவதே இல்லை. ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே அவனைத் தேடச் சொல்கிறார்கள். வழிநெடுக அவன் பெருமை. ராட்சதர்களை வென்றவன், பெரும் ராஜ்யத்தைக் கட்டியவன். கோட்டையைத் தாண்டி, அமானாவின் நீரைத் தாண்டி, கல்லறைகளின் ஆழத்துக்குள் இறங்கி, அவனைக் காக்கும் வெல்ஸ்டாட்டைக் கொன்று உள்ளே போனால், அறையின் நடுவில் மன்னனின் கவசமும் மோதிரமும் கிடக்கின்றன. அரையில் கந்தலோடு ஒரு பெரிய உருவம் வாளைத் தரையில் இழுத்தபடி சுற்றிச் சுற்றி நடக்கிறது. நம்மை அது கவனிக்கவே இல்லை. சண்டை இசை கிடையாது. பலமுறை அடித்தால்தான் அது திரும்பி வாளை ஓங்கும். அடிக்காமல் மோதிரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். இத்தனை மணிநேரம் தேடி வந்த ஆளை இந்த நிலையில் பார்க்கும்போது ஆட்டக்காரன் கையில் இருக்கும் வாள் அர்த்தமற்றுப் போகிறது. மியசாகி இல்லாததால் ஆன்மா இல்லை என்பவர்கள் இந்த அறையில் நின்று அதைச் சொல்லட்டும்.

இனி கூட்டம் கூட்டமாக எதிரிகளை ஏவிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு. சில இடங்களில் உண்மை. அயர்ன் கீப் வாசலில் ஓடி வரும் வாள்வீரர்களை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் முதல் பாகத்தில் ஒரு சிறிய முற்றத்துக்குள் காப்ரா பூதத்தோடு இரண்டு நாய்களைப் பூட்டிவைத்தவர்கள் யார்? அனோர் லோண்டோ விளிம்பில் இருபுறமும் பெருவில்லோடு நின்றவர்கள் யார்? அவற்றைச் ‘சவால்’ என்று பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், இங்கே அதே வகையானதை ‘அநியாயம்’ என்கிறார்கள். இதைவிட முக்கியமான ஒன்றை அவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஒரே எதிரியைப் பன்னிரண்டு முறை அளவில் கொன்றால் அவன் அதற்குப் பிறகு வருவதில்லை. பாஸிடம் தோற்றுத் தோற்றுத் திரும்பி வருகிற, கை பழகாத, வேலை முடிந்து வீடு வந்து இரவில் ஒரு மணிநேரம் விளையாடுகிற ஆளுக்கு அந்தப் பாதை மெல்ல மெல்லக் காலியாகிக் கொடுக்கிறது. ‘ஆன்மா சேகரிக்க முடியவில்லை’ என்று வல்லவர்கள் இதையும் பழித்தார்கள். வல்லவர்களுக்கும் வழி இருந்தது: கம்பெனி ஆஃப் சாம்பியன்ஸ் அணியில் சேர்ந்தால் எதிரிகள் ஓயவே மாட்டார்கள். இவ்வளவு கடுமையான வரிசையில் பலவீனமான ஆட்டக்காரனை நினைத்துச் செய்த ஒரே பெரிய ஏற்பாடு இது. அதற்கும் வசைதான் கிடைத்தது.

ஆட்டத்தை முடித்து மறுபடி தொடங்கினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் பாகத்தில் அதே எதிரிகள், அதிக உயிர், அதிக அடி. இரண்டாவதில் புதிய சிவப்பு ஆவிகள் எதிர்பாராத இடங்களில் நிற்கின்றன. லாஸ்ட் சின்னர் என்ற பாஸோடு இரண்டு தீமந்திரக்காரிகள் சேர்ந்து வருகிறார்கள். போன்ஃபயர் எனும் ஓய்வுத் தீயில் ஒரு பொருளை எரித்தால் அந்தப் பகுதியை மட்டும் அடுத்த சுற்றின் கடினத்துக்கு உயர்த்தி, வென்ற பாஸையே மறுபடி எழுப்பலாம். இரண்டு கைகளிலும் ஆயுதம் ஏந்தி ஒருசேர வீசும் முறை, சேர்த்த பலத்தைக் கலைத்து மறுபடி பங்கிடும் வசதி எல்லாம் இந்த வரிசைக்குள் இந்த ஆட்டத்தில்தான் நுழைந்தன. 2014-இன் பிற்பாதியில் வந்த மூன்று கூடுதல் பாகங்களில் ஷுல்வா நகரின் நகரும் தூண்களும், புகை வீரனோடு நடக்கும் சண்டையும், எலியம் லாயஸ் பனிநகரில் எரியும் மன்னனை எதிர்க்க நாம் தேடித் திரட்டிய வீரர்கள் ஒவ்வொருவராகத் தீவாசல்களுக்குள் பாய்ந்து தம்மையே உறையவைத்து அவற்றை அடைப்பதும் இந்த வரிசையின் உச்சங்கள்.

இப்போது, இந்த மனப்பான்மைக்கு நாம் கொடுத்த விலையைப் பேச வேண்டும். முதல் பாகத்தை அளவுகோலாக்கி எழுந்த கூச்சல் மூன்றாம் பாகத்தில் தடம் பதித்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அனோர் லோண்டோ திரும்பி வந்தது. கொல்லன் ஆண்ட்ரே திரும்பி வந்தான். ஃபயர்லிங்க் ஷ்ரைன் என்ற பெயர் திரும்பி வந்தது. இரண்டு கை ஆயுத முறை சில ஜோடி ஆயுதங்களுக்குள் சுருங்கியது. பலத்தை மறுபங்கிடுவது ஒரு சுற்றுக்கு ஐந்து முறை என்று கட்டுப்பட்டது. மறுசுற்றில் புதிதாகக் கிடைத்தவை பெரும்பாலும் மோதிரங்களின் மேம்பட்ட வடிவங்கள்தான். மூன்றாம் பாகம் நேர்த்தியான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே நடக்கிறது. பழையதைக் கொடு என்று கேட்டோம், கொடுத்தார்கள்.

பிறகு 2022 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் ‘எல்டன் ரிங்’ வந்தது. இரண்டு கையிலும் ஒரே வகை ஆயுதம் ஏந்தினால் தனி வீச்சுகள். ஆட்டக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ரென்னலா என்ற பாத்திரத்திடம் போய்ப் பலத்தைக் கலைத்து மறுபடி பங்கிடலாம்; பாராட்டு. வரைபடத்தில் தொடக்கத்திலிருந்தே தாவலாம், முணுமுணுப்பே இல்லை. எந்தத் திசையிலும் போ, எந்தப் பெரும் எதிரியையும் முதலில் எதிர்கொள் என்று விட்டது, அதைக் கொண்டாடினார்கள். மஜூலா கிராமத்திலிருந்து பல திசைகளில் கிளம்பி, நான்கு பெரும் ஆன்மாக்களை எந்த வரிசையிலும் தேடிப் போகலாம் என்று இரண்டாம் பாகம் எட்டாண்டுக்கு முன்பே செய்த ஏற்பாட்டின் பெரிய உரு இது. ‘எல்டன் ரிங்’ இயக்குநர்கள் இருவர். ஒருவர் மியசாகி. இன்னொருவர் யுயி தனிமுரா. ஆன்மா இல்லாத ஆட்டத்தை எடுத்த ‘வேறு குழு’ என்று பத்தாண்டாகப் பழி சுமந்த அதே ஆள்.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமில்லை. ‘லெஃப்ட் 4 டெட்’ 2008 நவம்பரில் வந்தது. அடுத்த ஜூனில் அதன் இரண்டாம் பாகத்தை வால்வ் அறிவித்ததும், ஆட்டத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புறக்கணிப்புச் சங்கம் சேர்ந்தார்கள். முன்னின்றவர்கள் இருவரை வால்வ் தன் அலுவலகத்துக்கே அழைத்து விளையாடவைத்தது. சில மாதங்களில் புறக்கணிப்பு கலைந்தது. பின்னாளில் முதல் பாகத்தின் களங்களே இரண்டாம் பாகத்துக்குள் குடியேறின. ஆட்டக்காரர்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ‘டீமன்ஸ் சோல்ஸ்’ கதையோ சோனி நிறுவனத்தின் உள்ளேயே நடந்தது. சோனியின் ஷூஹெய் யோஷிதா வெளியாகும் முன்பே அதை விளையாடிப் பார்த்துத் தேறாது என்று முடிவுகட்டினார். அமெரிக்காவில் அதைச் சோனி வெளியிடவில்லை, அட்லஸ் வெளியிட்டது. அந்தத் தீர்ப்பு தவறு என்று யோஷிதாவே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். பழகிய அளவுகோலுக்குள் அடங்காத ஆட்டத்தைக் கண்டால் அனுபவசாலியும் தடுமாறுகிறார். தடுமாறியதை ஒத்துக்கொண்ட அந்தப் பெருந்தன்மை இங்கே நம் பக்கம் இன்னும் வரவில்லை.

“பணம் கொடுத்து வாங்குபவன் தன் அனுபவத்தைச் சொல்லக்கூடாதா, நீ படைப்பாளிகளுக்கு வக்கீலா” என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும், உரக்கவே சொல்ல வேண்டும். அமானாவின் கொடுமை குறைந்தது சொன்னதால்தான். ஆயுதத் தேய்மானம் சரியானது சொன்னதால்தான். முதல் பாகம் கணினிக்கு வந்ததே சொன்னதால்தான். இங்கே வலிக்கிறது, இது புரியவில்லை, இது உடைந்திருக்கிறது என்று ஆட்டக்காரன் சொல்லும்போது அவனைவிட நம்பகமான சாட்சி கிடையாது. ஆனால் ‘ஆகவே முதல் பாகத்தைப் போலவே செய்’ என்று அவன் அடுத்த வாக்கியத்தில் சொல்லும்போது அவன் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி நீதிபதி நாற்காலியில் ஏறிவிடுகிறான். அந்த வாக்கியத்துக்கு முதல் வாக்கியத்தின் மதிப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கும் நிறுவனங்கள் நகல்களைத்தான் தயாரிக்கும், நாமும் நகல்களைத்தான் வாங்குவோம்.

ஆகவே இன்னும் விளையாடாதவர்களுக்கு என் வேண்டுகோள். ‘ஸ்காலர் ஆஃப் த ஃபர்ஸ்ட் சின்’ பதிப்பை எடுங்கள். மூன்று கூடுதல் பாகங்களும் அதிலேயே இருக்கின்றன. ஆரம்பத்திலேயே அடாப்டபிலிட்டியில் புள்ளிகளைப் போடுங்கள். அவசரப்பட்டு ஓடாதீர்கள், எதிரிகளை ஒவ்வொருவராகப் பிரித்து இழுத்து வாருங்கள். எர்தன் பீக் லிஃப்ட்டில் ஏறும்போது சிரித்துவிட்டுப் போங்கள். லூகாட்டியலைக் கண்ட இடத்திலெல்லாம் நின்று பேசுங்கள். வேன்ட்ரிக் இருக்கும் அறைவரை போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் இந்த ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, விட்டுவிடு என்ற அறிவுரையை அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள்.